சிங்கம் இல்லாத பால்குவளை

“…அதெல்லாம் உடுங்க பட்லரே, சிங்கம் எங்கீங்க? சிங்கம் இல்லீன்னா அது வெள்ளியே இல்லீங்க” என்று முதலாளி குவளையைக் கவிழ்த்துக் காட்டினார். அஸ்தம்பட்டியில் அவருடைய ஏலக்கடை. ஐம்பதுகளில், சீமையைப் பார்த்துக் கிளம்பிய ஏற்காட்டுத் தோட்டத் துரைகளின் சாமான்களெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். நான் அவற்றுக்குப் பட்டியல் தட்டச்சு செய்தேன்.

எதிரே நின்ற பட்லர், பங்களா ஒன்றில் பல வருஷம் சமைத்தவர். துரைசானி போகும்போது அவர் கையில் கொடுத்த பால்குவளை அது. மகளுக்குச் சீராக அதைத்தான் சொல்லியிருந்தார். வெள்ளிதான் என்று கடைச் சீட்டு வாங்கி வரும்படி மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். சீட்டு கிடைக்காவிட்டால் சம்பந்தி வீட்டில் அவர் பொய்யர்.

முதலாளிக்குத் தெரிந்த வெள்ளிச் சாஸ்திரம் அந்த ஒரு சிங்க முத்திரைதான். முலாம் பூசிய கரண்டியின் அடியில் நாலு கால் பிராணி மாதிரி ஏதாவது தேய்ந்து கிடந்தால் போதும், “ராணி ஊட்டுச் சாமானுங்க” என்று நாமகிரிப்பேட்டைப் பண்ணையக்காரர் தலையில் கட்டிவிடுவார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ அரைகுறைகளைப் பார்த்துவிட்டேன். அவர் அளவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்த அரைகுறை வேறொன்று இல்லை.

ஏலப்பெட்டி ஒன்றில் கிடந்த முத்திரைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து வைத்திருந்தேன். அதை விரித்துக் காட்டினேன். இங்கிலாந்து வெள்ளிக்குத்தான் இந்தச் சிங்கம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ வெள்ளிக்குக் கோட்டையும் முட்செடிப் பூவும். குவளையின் அடியில் இரண்டும் இருந்தன. பக்கத்திலிருந்த ஒற்றை எழுத்து அது செய்த வருஷத்தைச் சொன்னது. அறுபது வருஷத்துக்கு மேல் பழசு.

“ஏனுங்க, வெள்ளக்காரன் சிங்கத்த உட்டுப்போட்டு முள்ளுச்செடியவா அடிப்பான்? உங்க புஸ்தகம் நெருப்புல நிக்காதுங்க. வெள்ளி நிக்கும். உருக்கிப் பாத்துப்போடலாம்.”

“அய்யோ, வேணாங்கய்யா! துரைசானி அம்மா குடுத்தது. சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க, போதும்.”

“வெள்ளியா இருந்தா பயம் எதுக்குங்க?”

முதலாளி குவளையோடு கொல்லைக்கு நடந்தார், பட்லரும் பின்னால் ஓடினார். வேண்டாமென்றால் பொய்யர், சரியென்றால் குவளை இல்லை. கொல்லையில் கொலுசுக்கு வெள்ளி உருக்கும் ஆசாரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். குவளை மூசைக் கிண்ணத்துக்குள் இறங்காது என்றார். முதலாளி அதை வாங்கித் தரையில் போட்டு, செருப்புக் காலால் மிதித்துத் தட்டையாக்கினார்.