மாத்து ஆளு வந்தாச்சா?

இது கட்டுக்கதை இல்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் குனார் மலைக்குப் போய், மூடுபனியில் அந்தக் காவலரணில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும். இதை எனக்குச் சொன்னவன் தோர்யாலை. ஜலாலாபாத்தில் அவன் மளிகைக் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. என்னிடம் பொய் சொல்லி அவனுக்கு என்ன ஆகப்போகிறது?

அந்த அரணை ரஷ்யாக்காரன் கட்டினான். பிறகு முஜாஹிதீன்கள் இருந்தார்கள், பிறகு அமெரிக்காக்காரன். கடைசியில் எங்கள் ஆப்கான் ராணுவத்துப் பையன்கள் சிலரை ஏற்றிவிட்டு, மேலே இருப்பவர்கள் மறந்தே போனார்கள். சண்டையைவிடக் காத்திருப்புதான் ஆளைத் தின்றது. அவர்களில் ஒருவனான தோர்யாலைக்கு ஊரில் மகள் பிறந்து பல்லும் முளைத்துவிட்டது. அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. மாற்று ஆள் வந்தால்தான் வீடு. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று வயர்லெஸ்ஸில் சொல்லிச் சொல்லியே பனிக்காலம் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒருவரைப் பார்த்தால் "களைச்சுப் போகாதே" என்போம். "நொடிஞ்சு போகாதே" என்று பதில் வரும். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும்.

அன்று மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. வடக்கு மூலையில் தோர்யாலை காவல். கூட இருந்த பர்யால் தேநீர் கொண்டுவந்தான்.

"மாத்து ஆளு வர்றதுக்குள்ள உன் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்டா."

"போடா. சர்க்கரை எங்கே?"

"அதுவும் அடுத்த வாரம்தான்."

பர்யால் போய்விட்டான்.

டக்... டக்...

தகரக் கிண்ணம் இடுப்பில் இடிக்கும் சத்தம். வந்தது பள்ளத்தாக்குப் பக்கமிருந்து. அங்கே வழியே கிடையாது.

பனிக்குள் ஓர் ஆள். தோர்யாலை துப்பாக்கியைத் தூக்கினான்.

"களைச்சுப் போகாதே."

அந்த ஆள் நடந்துகொண்டே வந்தான்.

"களைச்சுப் போகாதே!"

"களைச்சுட்டேன் தம்பி..."

நீளக் கம்பளிக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். தோர்யாலையின் அப்பா காலத்து ராணுவ உடுப்பு அது. தோர்யாலையின் வாயிலிருந்து குளிரில் புகை வந்தது. அந்த ஆளின் வாயிலிருந்து வரவில்லை.

"மாத்து ஆளு வந்தாச்சா?"

சுட்டிருக்க வேண்டும். கை வரவில்லை. அந்தக் களைப்பு அவனுக்கும் தெரிந்த களைப்புதானே. பாவமாக இருந்தது.

"நீங்க போங்கண்ணே. நான் நிக்கிறேன்."

"பேரு?"

"தோர்யாலை."

அந்த ஆள் தலையாட்டினான். போனான்.

தரையில் கிடந்த பனியில் காலடித் தடமே இல்லை...

மறுநாள் காலை ஹெலிகாப்டரில் மாற்று ஆட்கள் வந்தார்கள். தோர்யாலை வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கிக்கொண்டு அழுதான்.

வருடங்கள் ஓடின. அந்த அரண் பாழாகிவிட்டது. போன வாரம் குனாரிலிருந்து ஓர் ஆட்டுக்காரர் அவன் கடைக்கு மாவு வாங்க வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். பேச்சு அந்த மேட்டைப் பற்றி வந்தது.

"அங்கதான் இப்ப யாருமே இல்லையே" என்றேன்.

"ஒருத்தன் இருக்கான். பனி இறங்கினா வருவான். மாத்து ஆளு வந்தாச்சான்னு கேப்பான்."

தோர்யாலை தராசைக் கீழே வைத்தான்.

"பேரு கேட்டீங்களா?"

"கேட்டேன். தோர்யாலைன்னான்."

மறுநாள் காலை, நல்ல குளிர். கடையைத் திறந்துகொண்டே வழக்கம்போல் தோர்யாலையிடம், "களைச்சுப் போகாதே" என்றேன்.

"களைச்சுட்டேன்" என்றான்.

என் வாயில் புகை வந்தது. அவன் வாயில் வரவில்லை.