கறுப்புத் திரையில் இரண்டு வரி

நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் அத்தனை தூரம் படித்த ஆள் வேறு யாரும் இல்லை. அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா மதியச் சாப்பாட்டுக்காகக் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனவர். சித்தப்பா மூன்றாம் வகுப்பில் ஆடு மேய்க்கப் போய்விட்டார். ஆகவே கரண்ட் பில், மாத்திரை அட்டை, உர மூட்டை, கல்யாணப் பத்திரிகை என்று எழுத்து இருக்கிற எதுவும் என் கைக்குத்தான் வரும். இங்கிலீஷில் இருந்தால் எனக்குக் கூடுதல் மரியாதை. எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பேன். படித்ததற்கு என்ன அர்த்தம் என்பது பல சமயம் எனக்கே தெரியாது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரை அட்டை என்றால் சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டும் என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

சித்தப்பா பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நெட் சென்டரை மூடியபோது, உரிமையாளர் பழைய கம்ப்யூட்டர் சாமான்களைச் சாக்கில் கட்டி இவரிடம் கொடுத்துவிட்டார். பெட்டி ஒன்றிலிருந்து, சர்க்யூட் பலகை இன்னொன்றிலிருந்து, ஃபேன் மூன்றாவதிலிருந்து என்று எடுத்து, சித்தப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் செய்தார். எங்கே எது பொருந்தும் என்பதை அவர் கைகள் பார்த்துக்கொண்டன.

அதற்குள் விஷயம் கல்யாணத் தரகர் காதுக்குப் போனது. படிக்காத மாப்பிள்ளை என்று சித்தப்பாவுக்கு இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. தரகர் மூன்றாவதாக மீன்சுருட்டிப் பக்கம் ஓர் இடம் பார்த்து, "மாப்ள கம்ப்யூட்டரே செய்றவரு" என்று சொல்லி வைத்துவிட்டார். பெண் பத்தாவது படித்தவராம். அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

கம்ப்யூட்டரோ கிளம்ப மாட்டேன் என்றது.

சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும். திரை கறுப்பாகும். மேலே வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்து நிற்கும். எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதே இரண்டு வரி மறுபடியும் கீழே வரும். சித்தப்பாவின் கடைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருந்தது. அங்கே போய்க் கேட்டதற்கு, "காயில் கட்டுற ஆளுக்கு இது எதுக்குப்பா" என்று சிரித்தார்களாம். அதன் பிறகு சித்தப்பா அந்தப் பக்கம் போகவில்லை. அவருக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

"பாப்பா, என்னம்மா போட்டிருக்கு இதுல?"

நான் இரண்டு வரியையும் தங்குதடையில்லாமல் படித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துப் பூரித்தார். எனக்கோ ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"சரி, என்னதான் சொல்லுது?"

"உள்ள சூடாயிடுச்சாம், சித்தப்பா."

அவர் மூடியைக் கழற்றிவிட்டு, வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பி வைத்தார். இரண்டு இரவு நாங்கள் வேர்வையில் கிடந்தோம். கம்ப்யூட்டர் குளிர்ந்தது, கிளம்பவில்லை. மறுபடி கேட்டார். கரண்ட் பத்தவில்லை என்று போட்டிருப்பதாகச் சொன்னேன். கடையிலிருந்து ஒரு பழைய ஸ்டெபிலைசரைச் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். அதற்கும் கிளம்பவில்லை. மூன்றாவதாக, உள்ளே தூசி இருக்கிறதாம் என்றேன். அவர் எல்லாவற்றையும் தனித்தனியே கழற்றி, துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினார். ஒரு புதன்கிழமை முழுக்க வேலைக்கே போகவில்லை.

அன்று மாலை கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டது.

பச்சை மேடும் நீல வானமுமாகத் திரை நிறைந்தது. அப்பா, "படிச்ச புள்ளை படிச்ச புள்ளைதான்" என்று தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ மேசையில் கை ஊன்ற, படம் அப்படியே உறைந்தது. சித்தப்பா அணைத்துப் போட்டார். கறுப்புத் திரை, அதே இரண்டு வரி.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை சும்மா சொன்னது இப்போது நிரூபணமாகிவிட்டது. இனிமேல் நான் எதைச் சொன்னாலும் சித்தப்பா செய்வார். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் மிஸ்ஸிடம் காட்டினேன்.

"எங்கடி பாத்த இதை?" என்று கேட்டு மிஸ் படித்துப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் சேத்து வச்சிருக்குற டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்கும். அது எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியலையாம். வயர் சரியா மாட்டலைன்னாலும் இப்படி வரும்."

அவ்வளவுதான். ஒரே ஒரு வயர். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். அதே இரண்டு வரிதானே எட்டு நாளாக நிற்கிறது? இன்றைக்கு இதுதான் அர்த்தம் என்றால், சூடும் கரண்டும் தூசியும் என்ன என்று கேட்பார்களே. மாத்திரை அட்டை முதற்கொண்டு கேட்பார்களே.

வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சொல்லத்தான் பக்கத்தில் போய் நின்றேன். சித்தப்பா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புள்ளை சொன்னதெல்லாம் செஞ்சாச்சு, அண்ணி. அது படிச்சதுல தப்பு இருக்காது. என் கையிலதான் ஏதோ கோளாறு."

நான் தண்ணீர் குடிக்கப் போவது போல அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெண்ணின் அப்பா, அம்மா, தரகர் மூவரும் வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. இடம் பிடித்துப்போகும்வரை பெண் வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம். தட்டுகளைப் பார்த்தாலே காரியம் என்ன ஆனது என்று தெரிந்துவிடும். அம்மா வேறெதையும் பார்க்கவில்லை.

"அந்தக் கம்ப்யூட்டரைப் போடுங்க தம்பி, பாப்போம்" என்றார் பெண்ணின் அப்பா.

சித்தப்பா போட்டார். ஃபேன் சுற்றியது. கறுப்புத் திரை வந்தது. இரண்டு வரி வந்து நின்றது.

"என்ன எழுதியிருக்கு தம்பி?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"இன்னிக்கு வேற மாதிரி போட்டிருக்கு, சித்தப்பா" என்றேன். "உள்ள ஒரு வயரு லூசா இருக்காம். டிஸ்க்குக்குப் போற வயரு."

சித்தப்பா திரைப் பக்கம் திரும்பினார். அவர் கண் வரியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மெதுவாகப் போனது. இரண்டாவது வரியிலும் அப்படியே போனது. பிறகு என்னைப் பார்த்தார்.

"வேறயா?"

"ஆமா."

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். பக்க மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, டிஸ்க்குக்குப் போகும் சிவப்பு வயரைத் தடவிப் பார்த்தார். அதன் பிடி உடைந்திருந்தது. தொட்டால் நகர்ந்தது. காயில் கட்டும் வெள்ளை நாடாவில் ஒரு துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, வயரை அமுக்கி இறுகக் கட்டினார். சுவிட்சைப் போட்டார்.

பச்சை மேடும் நீல வானமும் வந்தன. சித்தப்பா மேசையை ஓங்கித் தட்டினார். படம் அசையவில்லை.

பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தார்.

"தம்பிக்கு இங்கிலீசு படிக்க வராதோ?"

தரகர் அவசரமாக இருமினார். "அதெல்லாம் அவரு..."

"வராதுங்க" என்றார் சித்தப்பா. "தமிழே கையெழுத்து மட்டுந்தான். அதையெல்லாம் எங்க அண்ணன் மவ பாத்துக்கும். கை வேலை நான் பாத்துக்குவேன்."

நான் தட்டுகளைப் பார்த்தேன். பெண்ணின் அம்மா புருஷன் பக்கம் திரும்பி, "வராதுன்னு சொல்றாருல்ல. முன்னாடி வந்த மாப்ள வாத்தியாருன்னு பொய் சொல்லிட்டு வந்தானே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எங்க பொண்ணுக்கும் கொஞ்சம் வரும், பாப்பா. ரெண்டு பேருமாப் பாத்துக்கங்க" என்று சொல்லிக் கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதார்.

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே வருஷக் கணக்கில் நிம்மதியாக இருந்தேன்.

காலேஜில் சேர்ந்த முதல் நாள் சித்தப்பா என்னோடு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வரிசையாகப் பஸ்கள் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தன. தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்க நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் சித்தப்பா, "அரியலூர் வண்டி, வா" என்று பெட்டியைத் தூக்கிவிட்டார். அரியலூர் வண்டிதான்.

"எப்படி சித்தப்பா தெரிஞ்சுது?"

"எத்தினி வருசமாப் பாக்கறேன். அந்த எழுத்து நிக்கிற நிப்பு தெரியாதா? படிக்கத்தான் தெரியாது. அதுவா வேறயான்னு தெரியும்."

கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவிட்டு, கீழே நின்று, "ஏறும்மா, வண்டிய எடுத்துடப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.