ஆறு மாதம் ஓரிடத்தில்

நிலாவெளியிலிருந்து நகரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மழை பெரிதாகப் பெய்யவில்லை, விடவும் இல்லை. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் ஹோட்டலில் தந்த நீல ஓவரோல், ஒரு சோடி சப்பாத்து, குசினியில் கட்டித் தந்த சோற்றுப் பார்சல். பின்னால் ஹோட்டலின் வாசல் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டுவதில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்று காலையில்தான் முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். சீசன் முடிந்துவிட்டது, வெள்ளைக்காரர் இனி வரமாட்டார்கள், காவலாளியும் தோட்டக்காரரும் மட்டும் நின்றால் போதும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீர் நல்லா வேலை செய்யிறீர். ஏப்ரலில வாரும்," என்றார். நல்ல மனிதர். ஏப்ரலில் வந்து எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

நான் அங்கே சம்பளத்துக்கு நிற்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் குளிர்சாதனப் பாடநெறி படித்து, பயிற்சிக்காக அங்கே விடப்பட்டிருந்தேன். வகுப்பில் பாடம் முடிந்த பிறகு ஆறு மாதம் வேலைத்தளத்தில் தொடர்ந்து நிற்கவேண்டும், இடம் மாறினாலும் சரி. நின்றால் பரீட்சைக்கு இருக்கலாம், பாஸ் பண்ணினால் சான்றிதழ். இடையில் இரண்டு கிழமைக்கு மேல் விட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். தொடங்கலாம், ஆனால் உதவிப்பணம் இரண்டாம் முறை கிடையாது. அது இல்லாமல் அறை வாடகையும் பஸ் காசும் சாப்பாடும் என்னால் ஏலாது. நான்கு மாதம் நின்றிருந்தேன். அதற்கு முன் எந்த வேலைத்தளத்திலும் நான் நான்கு மாதம் நின்றதில்லை.

வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பலகை அடித்து மூடியிருந்தன. புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வள்ளங்களைக் கரையேற்றித் தென்னங்கிடுகு போட்டு மூடியிருந்தார்கள். மாரி தொடங்கினால் இந்தக் கரை இப்படித்தான் ஆகும். இங்கே பிறந்த எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், நான் இதே கரையில் திரியாய்க்காரன். ஆனால் ஓகஸ்டில் என்னை அங்கே சேர்த்தபோது நானும் யோசிக்கவில்லை, சேர்த்துவிட்டவரும் யோசிக்கவில்லை. கல்லூரியில் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். கடலின் மாதமும் கல்லூரியின் மாதமும் எங்கள் தலைக்குள் தனித்தனியாக இருந்திருக்கின்றன.

உப்புவெளி வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு லொறி ஹோர்ன் அடித்து நின்றது. வலையும் கம்பும் தகரமும் ஏற்றிய லொறி. சாரதியை எனக்கு முல்லைத்தீவில் பழக்கம். கரையில் வாடி என்கிற குடிசை போட்டு மீன் பிடிப்பவர்களை, காற்று மாறும்போது ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஏற்றி இறக்குவது அவர் தொழில். நானும் மூன்று வருடம் விட்டு விட்டு அப்படி அவர்களோடு கரை மாறியிருக்கிறேன்.

"டேய், நீ உயிரோடயோ?"

"ஓம் அண்ணை."

"ஏறு. மன்னாருக்குப் போறம். ரெண்டு ஆள் குறையுது."

ஏறினேன். நனைந்த வலையின் மணம் முன்சீற்று வரைக்கும் வந்தது. கிண்ணியாவுக்குப் போகவேண்டும், நகரத்தில் இறக்கிவிடுங்கள் என்றேன்.

"கிண்ணியாவில என்ன? பொம்பிளையோ?"

"பொம்பிளைதான். என்ர வழிகாட்டி."

"வழி தெரியாமலோ நீ இவ்வளவு நாளும் திரிஞ்சனி?" சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "நாளைக்கு விடியத்தான் எடுப்பன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில நிப்பாட்டியிருப்பன். வந்தாச் சரி, வராட்டியும் சரி," என்றார்.

அவருக்கு விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து வெளிநாடு போன சிலர் சேர்ந்து தொழில் படிக்கிறவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கிறார்கள். பணத்தோடு ஒரு ஆளையும் கொடுக்கிறார்கள். அதே தொழிலை முன்பு படித்து இப்போது வேலை செய்கிற ஆள். கிழமைக்கு ஒரு தடவை அந்த ஆளைக் கண்டு கதைக்கவேண்டும். மாதம் ஒரு தடவை அந்த ஆள் உதவிப்பணப் பொறுப்பாளருக்குத் தொலைபேசியில், படிக்கிறவர் நிற்கிறாரா இல்லையா என்று சொல்லவேண்டும்.

நேர்முகத்தில் பொறுப்பாளர் அம்மா என்னிடம், எட்டாம் வகுப்புக்குப் பிறகு எத்தனை வேலை செய்தீர்கள் என்று கேட்டார். சொல்லிக்கொண்டு போனேன். பாதியில் பேனையை வைத்துவிட்டார். "ஏன் ஒண்டிலயும் நிக்கேல்ல?" என்றார். "நிண்டு பாத்தனான்," என்றேன். எப்படியோ தந்துவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்த வழிகாட்டி என்னைவிட ஏழு வயது இளையவர். நகரத்தில் ஏசி பூட்டும் ஒரு கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணியாவில் தன் வீட்டு முற்றத்தில் அயலாரின் ஃப்ரிட்ஜ் திருத்துவார். முதல் நாள் நான் "மிஸ்" என்று கூப்பிட்டேன். "மிஸ் எண்டா நான் எழும்பிப் போயிருவன்," என்றார். அதன் பிறகு தங்கச்சி. அவர் என்னை அண்ணன் என்பார்.

கல்யாணமாகாத பிள்ளை, வெளி ஆண், அதனால் நாங்கள் கதைக்கும்போதெல்லாம் அவருடைய தாயும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருப்பார். இருந்து இருந்து அவருக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது. யாராவது ஃப்ரிட்ஜ்ஜை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கினால், மகள் தொடுவதற்கு முன்பே, "கேஸ் போயிட்டு," என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாதி நாள் சரியாகவும் இருக்கும்.

தங்கச்சி எனக்குப் பாடம் என்று பெரிதாக எதுவும் சொல்லித்தரவில்லை. அதற்குக் கல்லூரியில் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் முதலில் ஒரே கேள்விதான்.

"இந்தக் கிழம எங்க போக நெனச்சீங்க?"

"புத்தளம்."

"என்ன இரிக்கி புத்தளத்துல?"

"ஒண்டுமில்ல. உப்பளம் இருக்கு."

"சரி. அடுத்த ஞாயிறு வந்து சொல்லிட்டுப் போங்க."

அடுத்த ஞாயிறு வேறு ஊர் சொல்வேன். அதையும் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளுவார். தாய் குறுக்கிடுவார். "போறண்டா அந்த ஃப்ரிட்ஜ்ஜத் தூக்கி உள்ள வெச்சிட்டுப் போ தம்பி. எனக்கு இடுப்பு ஏலாது." இப்படியே வகுப்பு முடிந்து, நான்கு மாதப் பயிற்சியும் போய்விட்டது. அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அது வேலை செய்தது.

நகரத்தில் இறங்கி பஸ் பிடித்துக் கிண்ணியாப் பாலம் தாண்டும்போது பின்னேரமாகிவிட்டது. அன்றும் ஞாயிறு. முற்றத்தில் மழைக்காகத் தறப்பாள் கட்டியிருந்தார்கள். தங்கச்சி ஒரு ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தில் குந்தியிருந்தார். தாய் என் பையைப் பார்த்தார்.

"மகள், இவர் கேள்விக்கு முந்தியே கட்டிக்கிட்டு வந்துட்டாரு."

நடந்ததைச் சொன்னேன். தங்கச்சி கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார்.

"என்ட பிழை," என்றார். "நானும் அந்த ஹோட்டல்லதான் படிச்சன். நான் போனது மார்ச்சில. எனக்கு ஆறு மாசமும் சரியா வந்திச்சி. அத வெச்சி உங்களையும் போட்டுட்டன்."

"எனக்கும் தெரியும்தானே மாரி எப்ப எண்டு," என்றேன்.

"இன்னும் ரெண்டு மாசம்."

"ஓம். ரெண்டு மாசம்."

அவர் தொலைபேசியை எடுத்தார். ஐஸ் ஆலைக்கு எடுத்தார். மாரியில் கடலுக்குப் போகிறவர் குறைவு, இருக்கிற ஆட்களுக்கே வேலை இல்லை என்றார்கள். மூதூரில் பால் சேகரிக்கும் இடத்துக்கு எடுத்தார். அங்கே குளிர்த்தாங்கிக்கு ஏற்கனவே ஒருவர் நிற்கிறார். தன் கடை முதலாளிக்கு எடுத்தார். மழைக்காலத்தில் யார் ஏசி பூட்டுகிறார்கள், உன்னையே கிழமைக்கு மூன்று நாள் மட்டும் வரச்சொல்ல யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம் அவர். அதை எங்களுக்குச் சொல்லும்போது தங்கச்சியின் குரல் சிறுத்துவிட்டது. நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மன்னாரில் இப்போது என்ன மீன் படும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கவலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பழக்கமான ஒரு மரத்துப்போன நிலை. ஒரு இடம் முடிந்தால் உடம்பு தானாகவே அதற்குள் போய்விடும்.

தாய்தான் பேசினார். "ஹோட்டல் பூட்டு. மீன் இல்ல. ஏசியும் இல்ல. மனிசன் மட்டும் மாரியிலயும் மௌத்தாகுறான்."

"உம்மா!"

"என்ன உம்மா? ஆஸ்பத்திரி மையித்துப் பெட்டிக்கு கரண்ட் வேணாமா? குளிர் வேணாமா? அந்தக் கொந்தராத்துக்காரர் ஆள் கேட்டு எத்தினை தரம் எடுத்தாரு உனக்கு?"

தங்கச்சி என்னைப் பார்த்தார். நகரத்தில் ஒருவர், ஆஸ்பத்திரிகளின் குளிர்ப்பெட்டிகளையெல்லாம் கொந்தராத்தில் பராமரிக்கிறார். தடுப்பூசிப் பெட்டி, இரத்த வங்கிப் பெட்டி, பிரேத அறைப் பெட்டி. முதல் இரண்டுக்கும் அவரிடம் ஆள் உண்டு. மூன்றாவதுக்கு எவரும் நிற்பதில்லை. கல்லூரி ஏற்றுக்கொள்கிற வேலைத்தளம்தான். ஆனால் வழிகாட்டிகள் எவரும் தங்கள் பொறுப்பில் உள்ளவர்களை அங்கே அனுப்புவதில்லை.

"அண்ணன், உங்களுக்கு ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க," என்றார். "ஏலும் எண்டு சொல்லிட்டு நாளைக்குப் போகாம விட்டா, நான் இனி ஒருத்தருக்கும் ஒரு இடமும் கேக்க ஏலாது."

"எடுங்கோ," என்றேன்.

அவர் சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். கொந்தராத்துக்காரர் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, போன தரம் வந்தவன் பின்னேரம் வரைக்கும் நிக்கேல்ல. தேத்தண்ணி குடிக்கப் போறன் எண்டு போனவன், இன்னும் குடிக்கிறான்."

"இவர் பெரிய ஆள் சேர். முப்பத்தொரு வயசு."

"அப்ப ஓட்டம் கொஞ்சம் மெதுவா இருக்கும். ஆள் பக்கத்தில நிக்கிறாரோ? குடும்."

நான் வாங்கினேன்.

"தம்பி, பயமில்லையோ?"

"எதுக்கு ஐயா?"

"உள்ளுக்க இருக்கிறவைக்கு."

"அவை ஒண்டும் கேக்கமாட்டினம்தானே."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அவையின்ர ஆக்கள் கேப்பினம், அதுதான் வேலை. விடிய வாரும். சாப்பிட்டுட்டு வாரும், அங்க வந்து சாப்பிட ஏலாது."

செத்தவர்களை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன், தேவைக்கு மேலாகவே. மற்றவர்களுக்குப் பயம் வரும் இடத்தில் எனக்கு ஒன்றும் வருவதில்லை. இதைத் தைரியம் என்று நினைத்தவர்கள் உண்டு. தைரியம் இல்லை.

பிறகு தங்கச்சி பொறுப்பாளர் அம்மாவுக்கு எடுத்தார். "ஆள் நிக்கிறார் மெடம். இடம்தான் மாறுது," என்றார். அந்த அம்மா நிறையக் கேள்வி கேட்டிருக்கவேண்டும். தங்கச்சி ஒவ்வொன்றுக்கும் அதையே திரும்பச் சொன்னார். ஆள் நிக்கிறார். மாதப் பணம் நிற்காது என்று கடைசியில் சொன்னார்களாம். தாய் எழும்பிப் போய் எனக்குச் சோறு போட்டார். என் பையில் இருந்த பார்சல் பழுதாகிவிட்டது.

காலையில் மழை விட்டிருந்தது. அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் பஸ் ஸ்டாண்ட். லொறி நின்றது. சாரதி சில்லுகளைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"நான் வரேல்ல அண்ணை."

"வேற வேலையோ? என்ன வேலை?"

"ஃப்ரிட்ஜ் வேலை."

"வீட்டு ஃப்ரிட்ஜோ?"

"கொஞ்சம் பெரிசு," என்றேன். அவர் கதவைச் சாத்தினார். என்னில் கோபம் இல்லை. அவருக்கு இன்னும் இரண்டு ஆள் தேடவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கொந்தராத்துக்காரர் எனக்கு முதல் வந்து நின்றார். ஓவரோலைப் போட்டேன். நெஞ்சில் ஹோட்டலின் பெயர் தைத்திருந்தது. அவர் அதைப் பார்த்து, "அதுக்கு மேல கறுப்பு டேப் ஒட்டும், வாற சனம் பிழையா நினைக்கும்," என்றார். ஒட்டினேன்.

பிரேத அறைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய இடத்தில் கொம்ப்ரெசர் இருந்தது. பழையது, ஆனால் ஓடியது. அதற்கு முன்னாலிருந்த தகட்டுச் சட்டம் முழுக்கத் தூசி அடைத்து, சூடு வெளியே போக வழியில்லாமல் இருந்தது. ஒரு தூரிகையும் ஒரு வாளியும் தந்தார். மேலிருந்து கீழாகத் துடைக்கச் சொன்னார், தகடு மடிந்துவிடாமல். துடைத்தேன். ஹோட்டலில் இதையேதான் கடற்கரை மணலுக்காகச் செய்தேன். அதை முடித்த பிறகு உள்ளே கூட்டிப்போய், பெட்டிக் கதவுகளின் இறப்பர் ஓரங்களைக் காட்டினார். சிலது வெடித்துக் குளிர் கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்க்கவேண்டும். இலகுவாக வந்தால் இறப்பர் மாற்றவேண்டும்.

வாசலில் நின்ற சிற்றூழியர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"புதுசோ?"

"ஓம்."

"மேல் தட்டைத் திறக்காதையும். ஆள் இருக்கு. வீட்டுக்காரர் பத்து மணிக்கு வருவினம்."

சரி என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தட்டில் தொடங்கினேன். முதல் கதவில் கடதாசி இலகுவாக வந்தது.