நொச்சித் தலையணை

நான் சங்கு குளித்தவன். ஊர் புன்னைக்காயல்.

மனைவி கொற்கைப் பக்கம். வயக்காட்டு ஊர். கல்யாணமாகி வரும்போது வாய்க்கால் கரையில் ஒரு நொச்சிக் கம்பு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டுப் பின்னால் வெறும் மணல்.

"ஏளா, இங்கன இது பிழைக்காது."

அவள் கிணற்றடியில் ஊன்றினாள். பிழைத்தது.

அவளுக்கு எல்லாத்துக்கும் நொச்சிதான். தலைபாரம் என்றால் இலையைக் கொதிக்கவைத்து, ஆவியில் வேது. மூட்டு வலிக்கு வதக்கி ஒத்தடம். சாயங்காலம் கொசுவுக்குப் புகை. மண்டையில் சளி கட்டாமல் இருக்க, நிழலில் உலர்த்திய இலையைத் திணித்து எனக்கு ஒரு தலையணை.

படகுக்கும் அதைக் கொடுத்துவிடுவாள். என்கூடச் சங்கு குளிக்கிறவன் ஒருத்தன் கேலி பண்ணாமல் விடமாட்டான்.

"ஏலே, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர முடியல. தலவாணியத் தூக்கிட்டு வாரான்."

சிரித்துவிட்டு அவனே அதில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான்.

குளிக்கிறவனுக்கு மூக்கும் காதும்தான் முதல். சளி அடைத்தால் இறங்கக் கூடாது. கடல் அமுக்கும். காது கிழியும்.

ஒரு தடவை எனக்கு மூணு நாள் சளி. தண்ணி நல்ல தெளிவு, சங்கு கண்ணுக்குத் தெரியுது என்று எல்லாரும் போனார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலாம் நாள் காலையில் வேது பிடித்தேன். மூக்கு சுத்தமாகத் திறந்தது.

"வேது பிடிச்ச அன்னைக்குத் தண்ணில எறங்காதிய. இப்ப தெறக்கும், பொறவு அடைக்கும். ரெண்டு நாள் போவட்டும்."

"அதான் போயிட்டுல்லா."

"சொன்னா கேக்க மாட்டிய."

போனேன். இறங்கும்போது ஒன்றுமில்லை. பை நிறையப் பொறுக்கினேன். ஏறும்போது மூக்கு அடைத்துக்கொண்டது. இடது காதில் டப்பென்று ஒரு சத்தம். அந்தக் காது கடைசியாகக் கேட்டது அதுதான்.

இனிமேல் குளிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். அவள் ஏசவில்லை. தலையணையைப் பிரித்துப் புது இலை போட்டாள்.

இப்போது கரையில் கிழிந்த வலை பொத்துகிறேன். நொச்சி ஓட்டுக்கு மேலே போய்விட்டது. கூடக் குளித்தவன் இலை பறிக்க வருவான். அவன் வீட்டிலும் இப்போது நொச்சித் தலையணை இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுப் படுப்பேன். நல்ல காதைத் தலையணையில் வைத்தால் இலை நொறுங்குவது மட்டும்தான் கேட்கும். படகில் கேட்ட அதே சத்தம். கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பேன். பிறகு நல்ல காது மேலே வரப் புரண்டு படுப்பேன். அவள் பேசிக்கொண்டிருப்பாள்.