ஆர்லீன் ஹேட்சர்: ஃபிடில், வலது கால்

என் அண்ணி ஆர்லீன் ஹேட்சர், வட கரோலினாவில் எங்கள் மலைப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டினாள். சனிக்கிழமை சாயங்காலங்களில் தீயணைப்பு நிலையத்தில் ஊர் ஜனங்கள் கூடி ஆடும் நடனத்துக்கு ஃபிடில் வாசிப்பாள். ஃபிடில் என்றால் வயலின்தான். ஆனால் மோவாய்க்கு அடியில் வைக்கமாட்டாள், நெஞ்சில் சாய்த்துக்கொள்வாள். வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

எழுபத்திரண்டாம் வருஷம் வசந்தத்தில், என் புகையிலைக் கொட்டகை காலியாகக் கிடந்தபோது, கலிபோர்னியாவிலிருந்து வந்த ராக் குழு ஒன்று ஒலிப்பதிவு செய்ய அதை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தது. காது கிழிய கிட்டார் அடித்தே நாடு முழுக்கப் பேர் வாங்கிய பையன்கள். மூன்றாவது ஆல்பத்தை மட்டும் மலைப்பாட்டும் கிராமிய மெட்டுமாகச் செய்ய ஆசைப்பட்டார்கள். பாடகன் ரஸ் டெலானி ஒரு சனிக்கிழமை அண்ணியின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, மறுநாளே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“எங்க ரெக்கார்டுல ஒரு பாட்டுக்கு நீங்க வாசிக்கணும், மேடம்.”

“நீங்க போடற சத்தத்துல என் ஃபிடில் எங்கப்பா கேக்கும்?”

“சத்தத்தைக் குறைச்சிடறோம்.”

“அப்ப வரேன்.”

ஒலிப்பதிவை நடத்தியவர் லென் ஸ்ட்ராஸ் என்பவர். அவருக்கு அந்தக் கால் பெரிய தலைவலியாகிவிட்டது. “தட்டற சத்தம் மைக்ல விழுது, மேடம். காலை அசைக்காம வாசிங்க” என்றார். முயன்றாள். சுரம் தப்பவில்லை, உயிர்தான் இல்லை. காலுக்கடியில் கம்பளம் விரித்தார்கள். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். ஆறாவது தடவை முடிந்ததும் வில்லைக் கீழே வைத்துவிட்டு மணியைப் பார்த்தாள். இரண்டரை.

“நான் கிளம்பறேன்.”

“பாட்டு முடியலையே!” லென் பதறினார்.

“புள்ளைங்க ஸ்கூல் வாசல்ல நிக்கும்.”

“வேற யாரையாச்சும் ஓட்டச் சொல்லுங்க. இது எவ்வளவு பெரிய குழுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. பஸ்ஸுக்கு நிக்கற புள்ளைங்க நாப்பத்தொண்ணுன்னு தெரியும்.”

போய்விட்டாள். அரங்கம் அரங்கமாக ஜனங்களைக் காக்க வைத்த அந்தப் பையன்கள், என் வேலிமேல் வரிசையாக உட்கார்ந்து ஒரு பஸ் டிரைவருக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பூரிப்பாக இருந்தது.

நாலரைக்கு மஞ்சள் பஸ் நேராகக் கொட்டகை முற்றத்துக்கே வந்து நின்றது. சேற்றில் சக்கரம் புதைந்தால் போடுவதற்கென்று பஸ்ஸில் எப்போதும் ஓர் ஓக் மரப்பலகை வைத்திருப்பாள். அதைத் தூக்கிவந்து தன் நாற்காலிக்கு முன்னால் போட்டாள்.

“இன்னொரு மைக்கை இதுகிட்ட வைங்க. கால் வேணாம்னா நானும் வேணாம்.”

லென் டிரம்ஸ் வாசிக்கும் பெர்ரியைப் பார்த்தார். பெர்ரி சிரித்துக்கொண்டே குச்சிகளைக் கீழே வைத்தான். “இந்தப் பாட்டுக்கு நான் எதுக்கு? டிரம் அக்கா கால்லயே இருக்கு.”

ஒரே மூச்சில் பாட்டு முடிந்தது. லென் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “மன்னிச்சிடுங்க மேடம்” என்றார். மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் ஆல்பம் வந்தது. உறையின் பின்பக்கத்தில் ‘ஆர்லீன் ஹேட்சர் – ஃபிடில், வலது கால்’ என்று அச்சாகியிருந்தது. வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் இல்லாத என் அண்ணன் கோய், இசைத்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான்.

“நேத்துதானே கேட்டோம், கோய்!”

“நேத்து காலைக் கவனிச்சீங்களா? உக்காருங்க, இன்னொரு தடவை போடறேன்.”

அடுத்த வசந்தத்தில் நாக்ஸ்வில் நகரக் கச்சேரிக்கு அவளை அழைத்தார்கள். பள்ளி நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, பள்ளத்தாக்கு ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றி அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். எட்டாயிரம் பேர் முன்னால் அவள் பாட்டு தொடங்கியதும், எங்கள் ஆட்களால் உட்கார முடியவில்லை. இருக்கை வரிசைகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கி ஆடினோம். காவலர்கள் தடுக்க வருவதற்குள் பக்கத்து வரிசைகளும் எழுந்துவிட்டன.

மேடையிலிருந்து இறங்கியவளிடம், “எப்படி இருந்துச்சு அண்ணி?” என்று கேட்டேன்.

நெற்றி வேர்வையைத் துடைத்தபடி சொன்னாள்: “மொதல்ல கொஞ்சம் இழுவைதான். நீங்க ஆட ஆரம்பிச்சீங்க பாரு, அப்புறந்தான் வேகம் சரியா வந்துச்சு.”