மரியநாயகம் அண்ணையும் சத்தம் போடாத ஜெனரேட்டரும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, லண்டன் குரோய்டனில் எங்கள் பார்சல் டிப்போவில் வானுக்குள் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தபோது வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தது. மரியநாயகம் அண்ணை இறந்துவிட்டார். அவருடைய படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நான் அவருக்கு உறவில்லை. ஐந்து வருடம் ஒரே ஷிப்டில் வேலை செய்தவள், அவ்வளவுதான். சூப்பர்வைசர் வந்து பெட்டிகள் தேங்குகின்றன என்றான். ஏற்றி முடித்துவிட்டுத்தான் போனேன்.

மாலைக்குள் படத்தோடு அறிவித்தல் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. பயணங்களை நேசித்த மரியநாயகம் திடீர் சுகவீனம் காரணமாக இறைவனில் துயில் கொண்டார் என்றிருந்தது. எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அவருக்குச் சுகவீனம் எதுவும் இருக்கவில்லை. மூன்று பேர் அவரை வாகனச் சில்லுக் கழற்றும் இரும்பால் அடித்தார்கள். மண்டையோடு உடைந்தது. ஒன்பது நாள் கிடந்து செத்தார். தேவாலயத்தில் அவரைத் தெரிந்த உங்களுக்கு இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை என்னால் எழுத முடியும்.

பயணங்களை நேசித்தவர் என்பதும் பொய். ஸ்ட்ரெதமில் ஒரு மாடி அறையில் இருந்தார். வீட்டுக்காரர் நம்முடைய ஆள்தான், ஞாயிறு பூசையில் முதல் வரிசை வாங்கில் இருப்பவர். மாணவர்களைப் பிடித்தால் அதே அறையில் நான்கு பேரை அடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அண்ணை வெளியேற மறுத்தார். வீட்டுக்காரர் அவரைப் படியில் தள்ளிவிட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. டிப்போவில் எங்களிடம், "படியிலை சறுக்கிப் போட்டுது" என்றார். பிறகு படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பழைய கம்பர் வானை வாங்கி, டிராம் பாதைக்குப் பின்னால் உள்ள தொழிற்சாலைத் தெருவில் நிறுத்தி, அதற்குள் வாழ்ந்தார். முதன்முதல் அகதி வழக்குக்காக அவர் வந்து வரிசையில் நின்ற அதே குரோய்டன். தேவாலய மண்டபத்தில் உங்களிடம் ஊர் சுற்றப் போவதாகச் சொன்னார். நீங்கள் நம்பினீர்கள். நம்புவது உங்களுக்கும் வசதியாக இருந்தது.

கோடை விடுமுறைக்கு வான் எடுத்து ஸ்கொட்லாந்து போகிறவர்கள் எல்லோரும் பூசை முடிந்ததும் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன, வருசம் முழுக்க ஹொலிடே" என்றார் ஒருவர்.

"ஓம். இந்த நாட்டிலை அரச குடும்பத்துக்கும் எனக்கும்தான் அந்தப் பாக்கியம். சரி, என்ன ஜெனரேட்டர் பாக்கிறீர்? கேத்தில் போடுவீரோ?"

"போடோணும் அண்ணை. இவவுக்கு எழும்பின உடனை தேத்தண்ணி வேணும்."

"அப்ப ரெண்டு கிலோவாட் வேணும். உம்மாலை தூக்க ஏலாது, முதுகு போயிடும். தண்ணியைக் காஸிலை கொதிக்க வையும். லைட்டுக்கும் போனுக்கும் சின்னப் பிரிட்ஜுக்கும் ஒரு கிலோவாட் காணும். புகை போற பக்கம் வானைப் பாத்து இருக்கக் கூடாது. ஜன்னலுக்குக் கீழை வைச்சீரெண்டா, விடிய தேத்தண்ணி இருக்கும், குடிக்க ஆள் இராது."

எல்லோரும் சிரித்தார்கள். குளிர்காலத்தில் அவர் எங்கே குளிக்கிறார் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. டிப்போவில், ஷிப்ட் தொடங்குவதற்கு முன், கை கழுவும் தொட்டியில்.

தனக்கென்று ஜெனரேட்டர் வாங்கப் போன நாளில் நான்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் வாட், எடை, தாங்கியின் கொள்ளளவு என்று விளக்கினார். அண்ணை தலையாட்டிக் கேட்டுவிட்டு, பின் முற்றத்தில் இயக்கிக் காட்டச் சொன்னார். மெஷினுக்குப் பக்கத்தில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அந்தக் கேட்டடியிலை இருந்து என்னட்டை வா. பதுங்கி வராதை, சும்மா நட."

நடந்துபோய்த் தோளைத் தொட்டேன். துள்ளித் திரும்பினார். ஓங்கிய கை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. "இது வேண்டாம்" என்றார். இரண்டாவதும் வேண்டாம் என்றார். மூன்றாவது, மின்பாரம் குறைந்தால் தானாகவே மெதுவாக, சத்தம் குறைத்துச் சுழலும் வகை. பாதி தூரம் போவதற்குள், திரும்பாமலே, "வந்திட்டாய்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணை, மலிவானதை எடுங்கோ. மிச்சக் காசுக்கு வான் கதவுக்கு இரும்புச் சட்டம் போடலாம். உள்ளுக்கை பூட்டிக்கொண்டு இருக்கலாம்."

"கதவு உடைய எவ்வளவு நேரம் வேணும்? வாறது கேட்டால்தான் தப்பலாம்."

அதன் காரணத்தை அன்று பின்னேரம் வானுக்குள் இருந்து சொன்னார். போரின் கடைசி மாதங்களில், வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நடந்த வைத்தியசாலையில், டீசல் ஜெனரேட்டர் அவர் பொறுப்பில் இருந்தது. பக்கத்தில் நின்றால் வேறு எதுவும் கேட்காது. மற்றவர்கள் ஷெல் கூவுவதைக் கேட்டுப் பங்கர் குழிக்குள் பாய்வார்கள். இவர் அவர்கள் பாய்வதைப் பார்த்துப் பாய வேண்டும். ஒரு மத்தியானம் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது மருந்துக்கு நின்ற வரிசை இல்லை. தரை முழுக்க இறைச்சி. மெஷின் மூடியின் மேல் ஒரு கை, முழங்கையோடு, கிடந்தது. அவருடைய மனைவி அந்த வரிசையில் நின்றவர்.

"மெஷினை நிப்பாட்டாமல்தான் தேடினனான்" என்றார். "உள்ளுக்கை ஒப்பரேசன் மேசையிலை வயித்தைத் திறந்தபடி ஆள் கிடந்தது."

அதைச் சொல்லிவிட்டு எழுந்து, தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்பைப் பற்றவைத்தார்.

தொழிற்சாலைத் தெருவில் முதலில் யாரோ வான் முழுக்கப் பெயின்டால் எழுதினார்கள். எழுதியதை இங்கே எழுத மாட்டேன். பிறகு நான்கு டயரையும் கிழித்தார்கள். பிறகு ஜன்னலால் போத்தல் வந்தது. பொலிஸ் ஒரு முறைப்பாட்டு இலக்கம் கொடுத்தது. கவுன்சில், வானை அகற்றும்படி கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. உடைந்த ஜன்னலில் ஒட்ட முடியாததால் மற்ற ஜன்னலில் ஒட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணி, மாரிகாலம், மங்கிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேர் அவரை ரோட்டில் போட்டு அடித்தார்கள். ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாயை நடக்கக் கூட்டி வந்த ஒரு பெண்தான் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தாள்.

மூன்றாம் நாள் அவருக்கு நினைவு வந்தது. ஒரு கண் திறக்கவில்லை. முறிந்து பொருந்திய அதே விரல்களை மறுபடியும் முறித்திருந்தார்கள்.

"அவங்கள் வந்தது கேக்கேல்லையோ அண்ணை?"

"கேட்டனான். தெளிவாக் கேட்டது. அது நல்ல மெஷின்." மூச்சு வாங்கினார். "கேட்ட உடனை கதவைத் திறந்து வெளியிலை பாஞ்சிட்டன். பாஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது, இஞ்ச பங்கர் இல்லையெண்டு."

வன்னியில் சத்தம் கேட்டால் வெளியே பாய்ந்தவன்தான் பிழைத்தான். குரோய்டனில் உள்ளே பூட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவருடைய உடம்பு பழகியதைச் செய்தது. நேராக அவர்களுடைய கைக்குள் போய் விழுந்தது. இரும்புச் சட்டம் போடுங்கள் என்று சொன்ன நான் சரியாகத்தான் சொன்னேன். சரியாகச் சொன்னதால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

பொலிஸ்காரி வந்தாள். மொழிபெயர்ப்பாளர் போனில் இருந்தார். முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை, மங்கல், முதல் அடியே தலையில் என்றார். அவள் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். அவள் போன பிறகு அண்ணை என் சட்டையைப் பிடித்தார்.

"எழுது. ஒருத்தன் இடக்காலை இழுத்து நடக்கிறவன். ஒருத்தன் இரும்பு முனைச் சப்பாத்து. மற்றவன் இடுப்பிலை பூட்டுத் திறப்புக் கொத்து, ஒவ்வொரு அடிக்கும் கிலுங்கும். எழுதினியோ? வாசி பாப்பம்."

வாசித்துக் காட்டினேன். கடிதம் ஒன்றைச் சரிபார்ப்பவரைப் போலக் கேட்டுவிட்டு, "சரி" என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிச் சொல். அன்று பின்னேரம் மூளைக்குள் இரத்தம் கசியத் தொடங்கியது.

எழுத வேறு கடதாசி இருக்கவில்லை. "நாங்கள் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை" என்று கதவுகளுக்குள் போட்டுவிட்டு வருவோமே, அந்த அட்டையின் பின்பக்கம்தான் எழுதினேன். பொலிஸில் காட்டினேன். காலடிச் சத்தத்தை வைத்து யாரையும் பிடிக்க முடியாது என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

வானைக் கவுன்சில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அட்டை. அந்தத் தெருவை என் டெலிவரிப் பாதையில் கேட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே வானை நிறுத்தியதும் இஞ்சினையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிடுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை பின்னாலிருந்து திறப்புக் கொத்து கிலுங்க ஒருவன் வந்தான். இருக்கைக்குக் கீழே கை போனது. சில்லுக் கழற்றும் இரும்பு கையில் வந்தது. அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கடந்து போனான். நான் இறங்கவில்லை. அது என் நல்ல குணம் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். அவனோடு இடக்காலை இழுப்பவன் வரவில்லை, அவ்வளவுதான்.