நெளித்தகரத்துக்கு இங்கிலீஷில் ஒரு சொல்

மேடும் பள்ளமுமாக, அலை ஓடுவதுபோல் நெளித்த தகரத்துக்கு இங்கிலீஷில் காரகேட்டட் என்று பெயர். ஷீட் என்பதற்கு முன்னால் போட்டுச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது திண்டிவனத்தில் இரும்புக்கடையில் வேலைக்கு நிற்கும்போது படிந்தது. உலகச் சண்டைக் காலத்தில் சரக்கு வராமல் போனபின்னும் வருகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

என் மகளுக்குச் சிறு வயதில் கொதிக்கிற கேப்பைக் கூழ் கையில் சரிந்துவிட்டது. உயிரை ஈசன் கொடுத்தான். முழங்கைக்குக் கீழே தோல் நெளிநெளியாக ஆறியது.

பெண் பிடிக்காத வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் சமைத்ததைத் தொடாமல்தான் எழுந்து போனார்கள். அப்புறம் விழுப்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கைச் சங்கதியைத் தரகர் முன்பே சொல்லியிருந்தார். மகள் தாம்பூலத் தட்டை வைத்தபோது முந்தானை விலகியது. மாப்பிள்ளையின் தம்பி, பட்டணத்தில் படிக்கிறவன், அண்ணன் பக்கம் சாய்ந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னான். எனக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். மாப்பிள்ளை சிரித்தார்.

இங்கிலீஷ் தெரியாத அவர் தாயார், "பசிக்குதே, இலை போடலாமே," என்றார். சம்மதம் என்று அர்த்தம். என் மனைவி அடுப்படியில் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"போகச் சொல்லிடறேம்மா," என்றேன் மகளிடம்.

"அந்தச் சொல்லு எனக்கும் தெரியும்பா. கடைக்குச் சோறு எடுத்தாந்து அந்தத் தகரத்து மேலதானே குந்திக்கினு இருப்பேன்," என்றாள். பிறகு, "இவங்கள அனுப்பிட்டா, அடுத்து வர்றவங்க தமிழ்லயே சொல்வாங்க. இலையப் போடு."

போட்டேன். நானே பரிமாறினேன். சாம்பார் நன்றாயிருப்பதாகச் சொன்ன தாயார், "முகூர்த்தத்துக்கு முழுக்கை ரவிக்கையா தைச்சிடுங்க. நாலு பேரு பார்ப்பாங்க இல்ல," என்றார். கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தது எனக்குத் தெரியும். தைத்துவிடுகிறோம் என்றேன்.

தம்பிக்காரன் சோற்றில் குழி பண்ணி வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ரசம் ஊற்றினேன்.